டோக்கியோவின் ராத்திரி அகராதி

ஜப்பானுக்குப் போய் வந்தவர்கள் எழுதுவதை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். செர்ரிப் பூ, ஃபூஜி மலை, புல்லட் ரயில், கிமோனோ... எல்லாம் பகல் நேரத்து ஜப்பான். சாயங்காலம் ஆறு மணி அடித்து ஆபீஸ்கள் விட்டதும், அங்கே இன்னொரு ஜப்பான் கண் விழிக்கிறது. அதற்கென்று தனித் தெருக்கள், தனி விளக்குகள், தனி பாஷை. அந்த பாஷையைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் சொல்லப் போகிறேன்.

"குடிக்கிற இடத்துப் பேச்செல்லாம் நமக்கு எதுக்கு?" என்று முகம் சுளிக்காதீர்கள். என் கணவரின் வேலை காரணமாக டோக்கியோவில் நிஷி-காசாய் பகுதியில் குடித்தனம் நடத்துகிறவள் நான். நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். கைக்குழந்தையோடு புதிதாக வந்து இறங்கும் பெண்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "துவரம்பருப்பு எங்கே கிடைக்கும்?" இரண்டாவது கேள்வி, "அக்கா, இவர் ஆபீஸ்ல 'நோமிகாய்'னு கூப்பிடறாங்களாம். அப்படின்னா என்ன? கண்டிப்பா போகணுமா?" முதல் கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லி விடலாம். இரண்டாவதற்கு ஒரு கட்டுரையே வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்தச் சொற்களைக் கற்றுக் கொடுத்தவர் மாடி வீட்டுப் பாட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் ஒரு கம்பெனி உத்தியோகஸ்தரின் மனைவியாக வாழ்ந்தவர். "அந்தத் தெருக்களுக்கு நான் போனதேயில்லை. ஆனா அங்கேயிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் கதவைத் திறந்து விட்டவ நான்தானே!" என்று சிரிப்பார்.

சிவப்பு விளக்கு... பயப்படாதீர்கள்!

டோக்கியோவில் ஷிம்பாஷி என்று ஒரு ஸ்டேஷன். வாசலில் பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். ரயில் பாலத்தின் செங்கல் வளைவுகளுக்கு அடியிலும், சுற்றியுள்ள சந்துகளிலும் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். வாசலில் சிவப்புக் காகித லாந்தர் தொங்கும். நம் ஊர்க்காரர்கள் 'சிவப்பு விளக்கு' என்றதும் வேறு ஏதோ நினைத்துக் கொண்டு ஓடி விடுவார்கள்! அப்படியெல்லாம் இல்லை. 'அகாச்சோச்சின்' என்றால் சிவப்பு லாந்தர். மலிவான குடிக்கடைக்கே அது பெயராகி விட்டது.

அப்படிப்பட்ட கடைக்குப் பொதுப்பெயர் 'இஸாகாயா'. 'இ' என்றால் இருத்தல், 'சாகாயா' என்றால் மதுக்கடை. பழைய காலத்தில் மதுக்கடையில் வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போவார்களாம். சிலர் அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்கள். ஆகவே, 'இருந்து குடிக்கும் கடை'. உட்கார நாற்காலி கூட இல்லாமல் நின்றபடியே குடித்து விட்டுப் போகும் கடை 'தாச்சிநோமி'. வாசலில் தொங்கும் துணித் திரைக்கு 'நோரென்' என்று பெயர். திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்து உள்ளே வைத்தால் வியாபாரம் முடிந்தது.

இந்தக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்துக்கு 'யோகோச்சோ' என்று பெயர். ஷின்ஜுக்கு ஸ்டேஷனின் மேற்கே 'ஒமோய்தே யோகோச்சோ' இருக்கிறது. நினைவுச் சந்து என்று அர்த்தம். 1945-ல் போர் முடிந்து, ஜனங்கள் சோற்றுக்கே திண்டாடிய நாட்களில் கள்ளச் சந்தையாக முளைத்த இடம் அது. கிழக்கே 'கோல்டன் காய்' என்ற இன்னொரு சந்துக் கூட்டம். இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். பல கடைகளில் ஆறேழு பேர் உட்கார்ந்தால் ஏழாமவர் எழுந்தால்தான் எட்டாமவருக்கு இடம்!

அதற்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் நாடே அறிந்த கபுகிச்சோ. கபுகி நாடகக் கொட்டகை ஒன்று வரப்போகிறது என்ற நம்பிக்கையில் 1948-ல் வைத்த பெயர். கொட்டகை வரவேயில்லை, பெயர் மட்டும் நிலைத்து விட்டது. இதுபோன்ற பெரிய கேளிக்கைப் பகுதிக்குக் 'கன்ராகுகாய்' என்று பெயர். 'கன்ராகு' என்றால் இன்பக் களியாட்டம். 'காய்' என்றால் தெரு.

தண்ணீர் வியாபாரமும் 'மாமா'வும்

இந்தத் தெருக்களின் தொழிலுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு பெயர் உண்டு: 'மிஸு ஷோபாய்'. நேர் அர்த்தம், தண்ணீர் வியாபாரம். தண்ணீரைப் போல இன்றைக்கு வரும், நாளைக்கு வற்றும்; நிலையில்லாத வருமானம் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். நம் ஊரில் குடிப்பதையே 'தண்ணி போடுறது' என்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்தத் தண்ணீர் வியாபாரத்தில் என் மனத்தைத் தொட்டது 'ஸுனாக்கு' என்ற சின்னக் கடை. ஆங்கிலத்துச் சொல்தான், நொறுக்குத் தீனி. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்த சமயத்தில், நடுராத்திரிக்கு மேல் மது மட்டும் விற்கும் கடைகளுக்குக் கெடுபிடி வந்தது. "நாங்க பலகாரமும் விக்கிறோமே!" என்று பலரும் 'ஸுனாக்கு' என்று போர்டு மாட்டிக் கொண்டார்களாம். கடையை நடத்துவது பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. வருகிற ஆண்கள் எல்லாரும் அவரை 'மாமா' என்று கூப்பிடுகிறார்கள். நம் மாமா இல்லை. அம்மா என்று அர்த்தம்!

அந்த அம்மாளின் வேலை என்ன தெரியுமா? மது கலந்து கொடுப்பது, ஒரு கிண்ணத்தில் ஏதாவது பொரியலோ கூட்டோ வைப்பது, பாட்டுக்குக் கை தட்டுவது, முக்கியமாகக் காது கொடுத்துக் கேட்பது. வாடிக்கைக்காரர் பெயர் எழுதிய பாட்டில் அவருக்காக அலமாரியில் காத்திருக்கும். அதற்கு 'போத்தோரு கீப்பு' என்று பெயர். ஆபீஸில் திட்டு வாங்கிய கதை, மகன் பேசாமல் இருக்கும் வருத்தம் எல்லாம் அங்கேதான் இறங்கும்.

பாட்டி சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் மனசு விட்டுப் பேசினதெல்லாம் அந்த மாமாகிட்டத்தான். எனக்கு மிச்சம் வந்தது மூணே சொல்லு: குளியல், சாப்பாடு, தூக்கம்." சிரித்துக் கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மேஜையில் புழங்கும் சொற்கள்

இப்போது நோமிகாய்க்கு வருவோம். 'நோமு' என்றால் குடித்தல், 'காய்' என்றால் கூட்டம். வருஷக் கடைசியில் ஒன்று, புது வருஷத்துக்கு ஒன்று, புது ஆள் வேலைக்குச் சேர்ந்தால் ஒன்று, மாற்றலாகிப் போனால் ஒன்று. உட்கார்ந்ததும் எல்லாரும் சொல்வது, "தோரியாயெஸு பீரு!" அதாவது, 'இப்போதைக்கு பீர்!' பிறகு 'கம்பாய்', கிண்ணத்தை வற்றச் செய் என்று பொருள். கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ கறி வரும். அது 'ஒதோஷி'. இலவசம் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்த கூலியாக ஆளுக்குச் சில நூறு யென் பில்லில் ஏறியிருக்கும்.

தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக் கொள்வது மரியாதை இல்லை. பிறருக்கு ஊற்ற வேண்டும், அவர் நமக்கு ஊற்றுவார். அந்த ஊற்றும் வேலைக்கு 'ஒஷாக்கு' என்று பெயர். கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தக் காலத்தில் ஆபீஸ் பெண்கள்தான் மேலதிகாரிகளுக்கு மேஜை மேஜையாகப் போய் ஊற்ற வேண்டும் என்ற எழுதாத சட்டம் இருந்தது.

முதல் கூட்டம் முடிந்தால் வீட்டுக்கு வரலாமே? அதுதான் இல்லை. இரண்டாவது கடைக்குப் போவது 'நிஜிகாய்', மூன்றாவது 'சன்ஜிகாய்'. இப்படிக் கடை கடையாக ஏறி இறங்குவதற்குப் பெயர் 'ஹாஷிகோ-ஸாகே', ஏணிக் குடி! இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைப்பது மனைவியும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. 'ஷூதென்', கடைசி ரயில். அதையும் விட்டவர் விடிந்து வீடு திரும்பினால் அதற்கும் சொல் உண்டு: 'அசாகாயேரி', காலையில் வீடு திரும்புதல்.

மறுநாள் தலைவலியை 'ஃபுட்ஸுகாயோய்' என்கிறார்கள். இரண்டாம் நாள் போதை! தள்ளாடும் நடை 'சிதோரி-ஆஷி'. சிதோரி என்பது நீர்க்கரையில் தத்தித் தத்தி ஓடும் சிறு பறவை. நம் கடற்கரை உப்புக்கொத்திக்கு உறவு. குடித்தால் சிரிப்பவர் 'வராய்-ஜோகோ', அழுபவர் 'நாகி-ஜோகோ'. எவ்வளவு ஊற்றினாலும் அசையாதவர் 'ஸாரு', அதாவது சல்லடை!

மது ஒத்துக் கொள்ளாதவருக்கும் மரியாதையான ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'கெகோ'. அது நல்லதுதான். ஏனென்றால், ஜப்பானியரில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேருக்கு இரண்டு வாய் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். மது உடம்பில் அசிடால்டிஹைடு என்ற நஞ்சாக மாறுகிறது. அதை முறிக்கும் என்ஸைம் அவர்களுக்குப் பிறவியிலேயே பலவீனம். "குடிக்கக் குடிக்கப் பழகிடும்" என்று அவர்களை வற்புறுத்துவது பெரிய ஆபத்து. முகம் சிவக்கச் சிவக்கக் குடித்துப் பழகியவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

உயிரைக் குடித்த சொல்

எல்லாச் சொல்லும் வேடிக்கையல்ல. 'இக்கி' என்று ஒரு சொல். 'ஒரே மூச்சில்' என்று பொருள். கூட்டமாகக் கை தட்டி "இக்கி! இக்கி!" என்று கத்த, நடுவில் இருப்பவர் முழுக் கிண்ணத்தையும் மூச்சு விடாமல் குடிக்க வேண்டும். 1985-ல் இது அந்த வருஷத்தின் பிரபலமான சொற்களில் ஒன்றாகப் பரிசு கூட வாங்கியது! ஆனால் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரவேற்பு விருந்துகளில் இப்படிக் குடித்து, மூச்சடைத்து இறந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 1992-ல் ஒன்றுசேர்ந்து இதை எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லூரி திறக்கும்போது எச்சரிக்கைச் சுவரொட்டிகள் வருவது அவர்கள் கண்ணீரின் பலன்.

குடித்து விட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கே ஃபுக்குவோக்கா என்ற ஊர். அங்கே இரண்டு ஆறுகளுக்கு நடுவே 'நாகாசு' என்ற மணல் திட்டு முழுக்க மதுக்கடைகள். அந்த ஊரில் 2006 ஆகஸ்டில், பாலத்தின் மேல் போய்க் கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் காரை, குடித்து விட்டு ஓட்டி வந்த ஒருவர் பின்னாலிருந்து மோதினார். கார் கடலில் விழுந்தது. தாயும் தந்தையும் பிழைத்தார்கள். மூன்று சின்னக் குழந்தைகளும் போய் விட்டன. நாடே அழுதது.

அடுத்த வருஷமே, 2007-ல், சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். குடிபோதையில் ஓட்டினால் ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது பத்து லட்சம் யென் வரை அபராதம். அதோடு விடவில்லை. வண்டி ஓட்டுவார் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்தவர், காரைக் கொடுத்தவர், கூட ஏறிக் கொண்டவர் எல்லாருக்கும் தண்டனை! "நான் என்ன செய்வேன், அவர்தான் ஓட்டினார்" என்று பக்கத்து ஸீட்டில் இருப்பவர் தப்ப முடியாது. அதனால் 'தாய்கோ' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. போன் செய்தால் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் உங்கள் காரை ஓட்டுவார், மற்றவர் தங்கள் காரில் பின்தொடர்வார். நம் ஊருக்கும் வேண்டிய சொல் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுப் பக்கத்துச் சொற்கள்

இத்தனை சொற்களையும் கேட்டு முடித்ததும் பாட்டியிடம் கேட்டேன்: "வெளியில் போகிறவருக்கு இவ்வளவு சொல் இருக்கிறதே, வீட்டில் காத்திருப்பவருக்கு?"

பாட்டி யோசித்து விட்டு, "எனக்கும் இருக்கே, 'ஒகுசான்'!" என்றார். பிறர் மனைவியை மரியாதையாக அழைக்கும் சொல். 'ஒகு' என்றால் வீட்டின் உள்பக்கம், உள்ளே இருப்பவர். தன் மனைவியைக் குறிக்கும் 'கனாய்' என்ற சொல்லுக்கும் வீட்டுக்குள் என்றுதான் அர்த்தம். நம் 'இல்லாள்' நினைவுக்கு வரவில்லையா? வெளியே ஆண்களுக்கு ஏணி, லாந்தர், பறவை, சல்லடை என்று ஊர்ப்பட்ட சொற்கள். பெண்ணுக்கு மட்டும் ஒரே சொல்: உள்ளே.

ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை! பல வீடுகளில் கணவர் சம்பளத்தை அப்படியே மனைவியிடம் கொடுத்து விடுவார். மனைவி மாதா மாதம் அவருக்குக் கைச்செலவுக்கு எண்ணிக் கொடுப்பார். அது 'ஒகோஸுகாய்'. ஏணிக் குடியெல்லாம் அந்தப் பணத்துக்குள்தான். மனைவி ரகசியமாகச் சேர்ப்பது 'ஹெசோகுரி'. நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்த சிறுவாட்டுப் பணமேதான்! 1986-ல் ஒரு விளம்பர வாசகம் அங்கே வீட்டுக்கு வீடு பழமொழி போலப் பரவியது: 'கணவன் ஆரோக்கியமாக இருக்க வேண்டும், வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டும்!' கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதற்குள் எத்தனை ராத்திரிகளின் தனிமை இருக்கிறது, பாருங்கள்.

புதுச் சொற்கள் பிறந்திருக்கின்றன

சந்தோஷமான விஷயம், அகராதி மாறி வருகிறது. குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதற்கு 'அருஹாரா' என்று பெயர் வைத்து, அது குற்றம் என்று சொல்ல ஆரம்பித்து விட்டார்கள். பெயர் வைத்தால்தானே ஒரு தப்பைத் தப்பு என்று சுட்ட முடியும்? பெண்கள் தங்களுக்குள் கூடிச் சாப்பிட்டுப் பேசும் 'ஜோஷிகாய்' 2010-ல் பிரபலமான சொற்களில் இடம் பிடித்தது. குடித்தால்தான் ஆபீஸில் உறவு வளரும் என்பதை, குடியையும் 'கம்யூனிகேஷ'னையும் சேர்த்து 'நோமினிகேஷன்' என்பார்கள். 2021-ல் ஒரு காப்பீட்டு நிறுவனம் விசாரித்தபோது பத்தில் ஆறு பேர் "அது தேவையில்லை" என்று சொல்லி விட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'தான்ஷுகாய்'. 'தான்ஷு' என்றால் குடியை அறுத்தல். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் சங்கம். தேச அளவில் 1963-ல் ஒன்றிணைந்தார்கள். இதன் சிறப்பு, குடித்தவர் மட்டுமின்றி மனைவியும் கூட வந்து உட்கார்ந்து தன் கதையைச் சொல்லலாம். அத்தனை வருஷம் 'உள்ளே' இருந்தவருக்கு வாய் திறக்க ஓர் இடம்! குடியினால் வரும் கெடுதல்களைத் தடுக்க 2013-ல் ஒரு தனிச் சட்டமும் வந்தது.

2024-ல் அரசாங்கம் ஒரு வழிகாட்டியையும் வெளியிட்டது. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் சுத்த ஆல்கஹால், பெண்களுக்கு 20 கிராம். அதைத் தாண்டினாலே வியாதிகளுக்கு வாசல் திறக்கும் என்கிறது. 20 கிராம் என்பது அரை லிட்டர் பீர், அவ்வளவுதான். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தொடவே கூடாது.

ஜப்பான் போகும் சகோதரிகளுக்கு...

உங்கள் கணவர் குடிக்காதவர் என்றால், "கெகோ தேசு" என்று சிரித்தபடி சொல்லச் சொல்லுங்கள். 'எனக்கு மது ஆகாது' என்று அர்த்தம். கையில் 'ஊரோன்-ச்சா' என்ற தேநீரை வைத்துக் கொண்டு கம்பாய் சொன்னால் போதும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முதல் கூட்டத்துக்குப் போய் விட்டு, நிஜிகாய்க்கு முன்னால் கும்பிட்டு விடைபெற்று வருவதும் சகஜம்.

இஸாகாயாவுக்குக் குடும்பமாகச் சீக்கிரமே போய்ச் சாப்பிட்டு வரலாம். சைவர்களுக்கு உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா மொச்சை 'எதாமாமே' கை கொடுக்கும். குளிர்ந்த 'தோஃபு' கேட்டால், மேலே மீன் சீவல் தூவியிருப்பார்கள்; "கட்ஸுவோபுஷி நாஷி" என்று முதலிலேயே சொல்லி விடுங்கள். சோயா சாஸோடு பரிமாறும் குழம்பிலும் மீன் சாறு சேர்ந்திருக்கலாம். கேட்டுக் கொள்வது நல்லது.

தெருவில் கூடவே நடந்து வந்து "நல்ல கடை இருக்கு, வாங்க" என்று கூப்பிடுகிறவர் 'கியாகுஹிகி', ஆள் பிடிப்பவர். அவர் பின்னால் போனால் 'போட்டகுரி'தான்; பகல் கொள்ளையை ராத்திரியில் செய்வார்கள். கபுகிச்சோவில் ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் படிக்கவோ வேலைக்கோ அனுப்பும் தாய்மார்கள் இன்னொரு சொல்லையும் தெரிந்து கொள்ளுங்கள்: 'உரிகாகே', கடைக் கடன். அழகாகப் பேசும் இளைஞர்கள் பெண்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் 'ஹோஸ்டு கிளப்'புகளில், காதல் போல நடித்துக் கடனை ஏற்றி, அதை அடைக்கச் சில இளம் பெண்கள் உடலை விற்கும் அளவுக்குத் தள்ளப்பட்டார்கள். 2025-ல் சட்டத்தைத் திருத்தி, காதலைக் காட்டிச் செலவழிக்க வைப்பதையும், கடனுக்காக அந்தத் தொழிலில் தள்ளுவதையும் தடை செய்திருக்கிறார்கள். சட்டம் காக்கும், அதற்கு முன்னால் அம்மா சொல்லி வைத்த ஒரு சொல் காக்கும்.

ஒரு ஊரின் கோயிலையும் தோட்டத்தையும் பார்த்தால் அதன் பெருமை தெரியும். அதன் ராத்திரிச் சொற்களைக் கேட்டால், அங்கே யார் வெளியே போனார்கள், யார் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார்கள் என்பது தெரியும். நீங்கள் எந்த ஊருக்குக் குடித்தனம் போனாலும், 'அரிசி என்ன விலை?' என்று கேட்பதோடு இதையும் விசாரித்துக் கொள்ளுங்கள். குடும்பத்துக்கு நல்லது!